கிணற்றுக்காரி குடிக்கட்டும்

தண்ணீர் இறைக்கிற மெசின் வருவதற்கு முதல் நாள், பெண்சாதி ஸல்ஹா குச்சவெளியில் சாச்சி வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்த பகல் நேரத்தில், ஸெய்னுதீன் அவளுடைய கிணற்றுக்குள் இறங்கி அதை இன்னும் ஆழமாக வெட்டினான். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். வேண்டாம் என்று சொல்லப்போகிற ஆளிடம் போய்க் கேட்பானேன் என்பது அவன் கட்சி.

அவளுடைய கிணறு என்று நான் சொன்னது வாய் தவறி அல்ல. இறக்கக்கண்டிக் கரையில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். உம்மா மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆம்பிளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். ஸெய்னுதீனும் முள்ளிப்பொத்தானையிலிருந்து அப்படித்தான் வந்தவன். வந்து எத்தனையோ போகம் ஆன பிறகும் ஊருக்கு அவன் முள்ளிப்பொத்தானையான்தான். பள்ளிவாசலில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவான்.

அவன் பிறந்த ஊர் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயற்காடு. அங்கே கிணறு வற்றினால் ஆழமாக்குவார்கள். ஆழமாக ஆழமாகத் தண்ணீர் தெளியும், இனிக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கரையோரத்து மணலின் குணம் தெரியாது. மணலுக்குள் நல்ல தண்ணீர் கொஞ்சமாக மேலே நிற்கும். அதற்குக் கீழே கறுத்த களிமண் படை. களிக்குக் கீழே கடல். இதை இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். வந்தேறியிடம் யார் உட்கார்ந்து பேசினார்கள்?

அவன் ஆசையிலும் பிழை சொல்ல முடியாது. கப்பலில் வெங்காயம் வருவதை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து திருகோணமலைச் சந்தையில் சின்ன வெங்காயத்துக்கு நகைக்கு இருக்கிற மதிப்பு. எல்லோரையும் போல அவனும் வழக்கத்தைவிட இரண்டு பங்கு நட்டான். வானம் கைவிட்டது. அவன் துலாவில் அள்ளி ஊற்ற, ஸல்ஹா இரண்டு கையிலும் பூவாளி தூக்கிப் பாத்தி பாத்தியாக நடந்தாள். அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது. இரவில் திரும்பிப் படுக்கும்போது பல்லைக் கடிக்கும் சத்தம் அவனுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவன் மெசினை விரும்பினான். கொஞ்சம் ஊர் மெச்சவேண்டும் என்பதற்காகவும்தான்.

தோட்டக்காரர் சங்கம் ஒரு வழி சொல்லியிருந்தது. தனியாக மெசின் வாங்க ஒருவனுக்கும் வக்கில்லை. ஏழு தோட்டக்காரர் சேர்ந்தால் ஒரு சிறிய மண்ணெண்ணெய் மெசினைப் பங்கில் எடுத்து முறைவைத்து இறைக்கலாம். முதலில் ஒரு கிணற்றில் இறைத்துக் காட்டுவார்கள். பிடித்தால் எல்லோரும் கையெழுத்து வைக்கலாம். எந்தக் கிணறு என்று கேட்டதும் ஸெய்னுதீன்தான் எழுந்து நின்றான். ஸல்ஹாவின் அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடுகிற மஹ்ரூப் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஸல்ஹாட்டக் கேட்டீங்களா மச்சான்?" என்றார். கேட்டேன் என்றான். அது பொய்யில்லை. மெசினுக்கு அவள் சம்மதித்திருந்தாள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பயம். ஊர் கூடி நிற்கும்போது மெசின் இரண்டு இழுப்பு இழுத்துக் கிணறு காய்ந்து, புஸ்ஸென்று காற்றை உறிஞ்சினால் முள்ளிப்பொத்தானையான் கதை பிள்ளைகளின் விளையாட்டுக்குப் போய்விடும். ஆகவே இரும்பு அலவாங்கோடு கிணற்றில் இறங்கினான். முழங்கால் தண்ணீரில் நின்று குத்தினான். களி கறுப்பாக, பாறை போல் வந்தது. வாளி வாளியாக மேலே ஏற்றினான். ஒரு குத்தில் அலவாங்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. காலுக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் கொப்பளித்தது. அவன் சத்தம் போட்டுச் சிரித்தான். கையில் அள்ளி வாயிலும் வைத்துப் பார்த்தான். நல்லாகத்தான் இருந்தது. மேலே நின்றது பழைய தண்ணீர் என்பது அவன் மூளைக்கு எட்டவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவன் காலை விட்டுவிட்டு ஆழத்தை வேறு கூட்டினான். களியைக் கிடுகு வேலியோரம் குவித்துக் காய்ந்த ஓலையால் மூடினான்.

மறுநாள் காலையில் மெசின் டிரக்டர் பெட்டியில் வந்தது. கூடவே அதை ஓட்டுகிற யேசுரட்ணம். பாலையூற்றுப் பக்கத்துக் கிறிஸ்தவர், அதிகம் பேசாதவர். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஸெய்னுதீனிடம் திரும்பினார்.

"தண்ணி பரவாயில்லையே காக்கா. இந்தக் கோடைக்கு உங்கட கிணறுதான் ராசா" என்றார்.

ஸெய்னுதீன் மஹ்ரூப் காதில் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டான். விழுந்திருந்தது. கலீலுர் றஹ்மானும், வேலிக்கு அப்பால் தோட்டம் செய்கிற தம்பிராசாவும், பங்கு சேரவிருந்த மற்றத் தோட்டக்காரர்களும் துலாவைச் சுற்றி நின்றார்கள். யேசுரட்ணம் உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மூன்றாம் இழுப்பில் மெசின் இருமிக்கொண்டு பிடித்தது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் தடித்து விழுந்தது. ஒரு ஆள் ஒரு காலைப்பொழுது முழுக்க அள்ளுகிற தண்ணீர், வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வாய்க்காலில் ஓடியது. கலீலுர் றஹ்மான் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கி நின்றார். வயசாளி மனுசர் அப்படிச் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை.

குசினி வாசலில் ஸல்ஹா நின்றாள். வந்தவர்களுக்குச் சோறாக்க விடியவே தண்ணீர் மொண்டு வைத்துவிட்டாள், ஆகையால் கிணற்றடிக்கு வர அவளுக்கு வேலையில்லை. தோளைத் தடவிக்கொண்டு தூரத்தில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஸெய்னுதீனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

வெயில் ஏறியது. ஸெய்னுதீன் கடைசிப் பாத்தி வரை குழாயை இழுத்து நீட்டி, அங்கே தனியாக நின்று பிடித்துக்கொண்டிருந்தான். முகம் எரிந்தது. குழாயில் முகத்தைக் கழுவினான். உதட்டை நக்கியபோது கரித்தது. வேர்வை என்று நினைத்தான். ஒரு மிடறு குடித்துப் பார்த்தான். வேர்வை இல்லை.

இன்னொரு மிடறு குடித்தான். மனிதன் அப்படித்தான், கெட்ட செய்தியை இரண்டு தரம் கேட்டால் மாறிவிடும் என்று நினைப்பான். மாறவில்லை. கடல் தண்ணீர் அளவுக்கு இல்லை, ஆனால் உப்பு. வெங்காயத்தின் குருத்தைக் கருக்கப் போதுமான உப்பு.

நிறுத்தச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாய் வரவில்லை. துலாவடியில் மஹ்ரூப் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "மச்சான் வந்தவன் எண்டு நாங்க நினைச்ச. பாருங்க, ஊருக்கு அவன்தான் வழி காட்டுறான்." பத்து வருசமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவன் அதை எப்படிக் கையால் தட்டிவிடுவான்? கொஞ்சம் ஓடினால் தெளியும் என்று தனக்குத்தானே சொன்னான். தண்ணீர் பாத்தியில் பாய்ந்துகொண்டே இருந்தது.

அவனுடைய பாத்திகள் நனைந்து முடிந்தன. பேச்சின்படி அடுத்தது மஹ்ரூபின் தோட்டம், அதற்குப் பிறகு கலீலுர் றஹ்மானுடையது. மஹ்ரூப் வேலியில் ஒரு கிடுகைப் பிரித்து வாய்க்காலுக்கு வழி வைத்தார். அவருடைய வெங்காயம் பிந்தி நட்டது, இப்போதுதான் கிழங்கு வைக்கிற பருவம். உப்புத் தண்ணீர் பட்டால் அதோடு சரி.

இந்தக் கரையில் ஒரு முறை உண்டு. ஒரு கிணற்றுத் தண்ணீர் வேலி தாண்டி இன்னொருவர் மண்ணுக்குப் போகுமுன், அந்தக் கிணற்றுக்குச் சொந்தமானவர் நாலு பேர் முன்னால் குடித்து, தண்ணீர் எப்படி என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகு வேறு யாரும் வாய் வைக்கமாட்டார்கள். வைத்தால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாகும். கல்வீட்டுக்காரனுக்கும் ஓலைவீட்டுக்காரனுக்கும் இதுதான் சட்டம்.

அதை ஸெய்னுதீன் அறிவான். குழாயைத் துலாவடிக்கு இழுத்து வந்து, யாரும் கேட்குமுன் வாயில் வைத்து மடமடவென்று குடித்தான். தாடியில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "இளநீர் மாதிரி" என்றான். முகத்தில் ஒரு சுழிப்பும் வரவில்லை.

மஹ்ரூப் சிரித்தார்.

"நீங்க குடிச்சது சரி மச்சான். கிணத்துக்காரி குடிக்கட்டும்."

"நான் குடிச்சா என்ன, அவ குடிச்சா என்ன?"

"கோவிக்காதீங்க. உங்களில சந்தேகமில்ல. கிணறு எங்கட உம்மா ஸல்ஹாக்குக் குடுத்தது. அவள்தான் சொல்லோணும், அதுதானே முறை."

கலீலுர் றஹ்மானும் தலையாட்டினார். ஸல்ஹாவின் வாய் ஊரில் பேர்போன வாய். அவளுடைய உம்மாவுக்குப் பிறகு, யார் வீட்டில் புதுக் கிணறு வெட்டினாலும் சொந்தக்காரரோடு சேர்ந்து வாய் வைத்துப் பார்க்க ஸல்ஹாவைத்தான் கூப்பிடுவார்கள். கரிப்பு ஒரு துளி இருந்தாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் சொல்லிவிடுவாள், முகம் பார்க்க மாட்டாள்.

"ஸல்ஹா, இஞ்ச வா" என்று மஹ்ரூப் கூப்பிட்டார்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குசினியிலிருந்து துலாவடி வரை அவள் நடந்து வந்த நேரம் ஸெய்னுதீனுக்கு நீண்டுகொண்டே போயிற்று. வழியில் கால் தடுக்கி விழமாட்டாளா என்று கூட நினைத்தான். தன் பெண்சாதியைப் பற்றி அப்படி நினைத்ததற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஸல்ஹா பிஸ்மில்லாஹ் சொல்லி இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்தாள். அவள் பார்த்தது ஸெய்னுதீனின் கால்களை. எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் கறுத்த களி அப்பியிருந்தது. அந்தக் களி மணலில் கிடைக்காது. கிணற்றின் அடியைக் கிழித்தால்தான் கிடைக்கும்.

அவள் தண்ணீரை விழுங்கினாள். நிமிர்ந்து அவனைப் பார்க்காமல் காக்காவைப் பார்த்தாள்.

"நல்ல தண்ணி" என்றாள்.

ஸெய்னுதீனுக்குத் தப்பினேன் என்றுதான் முதலில் தோன்றியது. மூச்சு விட்டான். தான் பொய் சொன்னபோது வராத அருவருப்பு, அவள் பொய் சொன்னபோது வந்தது. யாருக்காகவும் ஒரு சொல்லைக் கூட்டிக் குறைக்காதவள் அவள். தன் கையால் அவளைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டது போல இருந்தது.

மஹ்ரூப் குழாயைத் தூக்கித் தோளில் போட்டார். தண்ணீர் வேலி இடைவெளியை நோக்கி ஓடியது. மெசின் படபடத்தது. யாரோ "சங்கத்துக்குச் சொல்லிவிடலாம்" என்றார். ஈரம் வேலிக் கம்பைத் தொட்டது.

ஸெய்னுதீன் ஓடிப்போய் வாய்க்காலைக் காலால் வெட்டி மண்ணைத் தள்ளி அடைத்தான்.

"மச்சான், வேணாம். உப்பு."

மஹ்ரூப் விளங்காமல் பார்த்தார். "என்ன விளையாட்டு இது? ஸல்ஹா குடிச்சுச் சொன்னவள்."

"அவள் எனக்காகச் சொன்னவள். நான் நேத்து அடியை வெட்டினனான். களியைக் குத்திப் போட்டன். நான் குடிச்சதும் உப்புத்தான். தெரிஞ்சுதான் சொன்னனான்."

மஹ்ரூப் குழாயைக் கீழே போட்டார். குனிந்து, கிணற்றுக்காரி சொன்ன பிறகு, அந்த ஊரில் ஒருவரும் செய்யாததைச் செய்தார். தண்ணீரை அள்ளித் தன் வாயில் வைத்தார். துப்பினார்.

ஸெய்னுதீன் அடிக்குத் தயாராக நின்றான். அடித்திருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். மஹ்ரூப் அவனைப் பார்க்கவே இல்லை. தங்கச்சியைப் பார்த்தார்.

"உன்ர வாயாலயா ஸல்ஹா?"

அவ்வளவுதான் கேட்டார். ஸல்ஹா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

யேசுரட்ணம் மெசினை நிறுத்தினார். அது நின்றதும் கடல் இரைகிற சத்தம் கேட்டது. கலீலுர் றஹ்மான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "இந்தச் சைத்தானை வண்டியில ஏத்துங்க" என்றார்.

"மெசினில பிழையில்லை பெரியவர்" என்றார் யேசுரட்ணம். "குழாயை மேல் தண்ணியில தொங்கவிட்டு, கொஞ்சம் இறைச்சு, கிணத்தை ஆறவிட்டு இறைச்சா ஒண்டும் வராது. நான் ஆழத்தைக் கேக்காம விட்டது என்ர பிழை. தண்ணி நிக்கிறதைப் பார்த்து ஏமாந்திட்டன்."

"இனி எங்கட கிணறுகளுக்கும் உப்பு ஏறுமோ?" என்று தம்பிராசா கேட்டார். அவருடைய கிணறு வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரம். யேசுரட்ணம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "ஓட்டையை இப்பவே அடைச்சா தப்பலாம்" என்றார்.

ஸெய்னுதீன் ஓலையை இழுத்தெறிந்து களியை வெளியே எடுத்தான். கயிற்றைப் பிடித்து இறங்கினான். மேலேயிருந்து யேசுரட்ணமும் தம்பிராசாவும் வாளியில் களியை இறக்கினார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். இடுப்பளவு உப்புத் தண்ணீரில் மூச்சைப் பிடித்து முங்கி, காலால் துளையைத் தேடி, வைக்கோல் சேர்த்துப் பிசைந்த களியை அதில் திணித்து மிதித்தான். மிதித்த களி கரைந்து காலோடு வந்தது. திரும்பவும் திணித்தான். குத்தின போது ஒரு குத்து. அடைக்க அந்தப் பகல் முழுவதும் பிடித்தது.

மேலே வேறு வேலை நடந்தது. பாத்தியில் பாய்ந்த உப்பை வெயில் உறையவைக்குமுன் நல்ல தண்ணீர் ஊற்றிக் கீழே இறக்கவேண்டும். ஸல்ஹா காக்கா வீட்டுக் கிணற்றிலிருந்து பூவாளியில் தூக்கினாள். மஹ்ரூப் தடுக்கவில்லை. அள்ளிக் கொடுக்கவும் வரவில்லை. அவள் தானே துலாவைப் பிடித்து, தானே மொண்டு, தானே நடந்தாள். கிணற்றுக்குள் நின்றவனுக்கு அவளுடைய கால் சத்தம் வருவதும் போவதுமாகக் கேட்டது. போகப் போக அது மெதுவாயிற்று. எந்தத் தோளுக்காக மெசினைக் கேட்டானோ அந்தத் தோள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது துளை ஒருவாறு அடைபட்டது. யேசுரட்ணம் குனிந்து, "காக்கா, நாலைஞ்சு நாளைக்கு வாளி போடாதேங்கோ. மேல் தண்ணி ஊறினா கிணறு தப்பும். நான் வந்து பாக்கிறன்" என்று சொல்லி மெசினை ஏற்றிக்கொண்டு போனார். தம்பிராசா வேலியைத் தாண்டித் தன் கிணற்றடிக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடித்தார். நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் ஸெய்னுதீனுக்குத் தெரியவில்லை.

ஸல்ஹா பூவாளியை வைத்துவிட்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தாள். வலது கை மடியில் கிடந்தது. ஸெய்னுதீன் களி வழிய வழிய அவள் முன்னால் போய் நின்றான்.

"ஏன் புள்ள அப்படிச் சொன்ன?"

"சபையில வெச்சு என்ர மாப்பிள்ளையைப் பொய்யன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ஆனா தண்ணி வேலிக்கு அங்கால போயிருந்தா, நானே காக்காட்டப் போய்ச் சொல்லியிருப்பன். பொழுதுபட்டு மஃரிபு வாறத்துக்கு முன்னம் உங்கட உடுப்புப் பெட்டியும் வாசலுக்கு வந்திருக்கும்."

இந்தக் கரையில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். பெட்டி வாசலுக்கு வந்த ஆம்பிளை அதைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பிறகு பேச்சில்லை. எவ்வளவு கிட்டே வந்து தப்பியிருக்கிறோம் என்று நினைத்தான். தப்பிவிட்டோம் என்ற நிம்மதியும் வந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"கிணறு திரும்பினாலும் திரும்பும்" என்றாள் ஸல்ஹா. "நாலைஞ்சு நாளில தண்ணி நல்லாவும் வரலாம். நல்லா வந்திட்டுது எண்டு நான் ஆருக்குச் சொல்றது? என்ர சொல்ல இனி ஆர் எடுக்கிற? காக்கா துப்பினதப் பாத்தீங்கதானே."

கிணற்றுக்கு அடைக்கக் களி இருந்தது. இதற்கு எதைக் கொண்டுவந்து அடைப்பான்? ஸெய்னுதீன் அழுதான். களிக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, வளர்ந்த ஆம்பிளை என்ற கூச்சம் இல்லாமல் அழுதான்.

ஸல்ஹா அவனைத் தேற்றவில்லை. இடது கையை ஊன்றி எழுந்தாள். இன்னும் இரண்டு பாத்தி மிச்சமிருந்தது. ஒரு பூவாளியை மட்டும் எடுத்துக்கொண்டு காக்கா வீட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.